பர்கரும் பரோட்டாவும்: நாம் கேட்க மறந்த மறுபாதிக் கேள்வி



பிறருக்குப் பாடம் சொல்வதையே பணியாகக் கொண்டவர்கள், தாம் கற்றுக்கொண்ட பாடத்தை வெளியில் சொல்வது எளிதன்று. ஆயினும் மதரஸாவில் நாம் செய்த பிழை ஒன்றும், அதைத் திருத்தப் போய் நாம் அறிந்துகொண்ட செய்திகளும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

நாவின் பிழை

கடையநல்லூரில் மஃரிபுக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். வியாழக்கிழமைதோறும் பாடம் முடிந்ததும் சிறியதொரு பயான் செய்வது வழக்கம். சாரல் காலத்து வியாழன் ஒன்றில் உணவு பற்றிப் பேச எண்ணியிருந்தோம். மெயின் ரோட்டில் பர்கர் விற்கும் கடை ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. மாலையில் பிள்ளைகள் அங்கே கூடி நிற்பதைப் பார்த்திருந்தோம். அன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும் வந்து சேர்ந்தது. 'ஹாம்' என்றால் ஆங்கிலத்தில் பன்றி இறைச்சி, ஆகவே ஹாம்பர்கர் என்பதே பன்றி இறைச்சி உணவு, நம் பிள்ளைகள் அறியாமல் ஹராமை உண்கிறார்கள் என்று அந்தக் குரல் உருக்கமாகச் சொன்னது.

பன்றித் தொடையைப் பதப்படுத்திய இறைச்சிக்கு ஆங்கிலத்தில் ஹாம் என்று பெயர் என்பது நமக்கும் தெரியும். ஓசை ஒத்துப் போனது. அதற்கு மேல் நாம் எதையும் விசாரிக்கவில்லை. அன்று மாலை அதையே பிள்ளைகளிடம் உரக்கச் சொன்னோம். "இதை உண்பவரும் விற்பவரும் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும்" என்று முடித்தோம். பிள்ளைகள் திகைத்துப் போய் அமர்ந்திருந்ததை, நம் பேச்சின் வெற்றி என்றே எண்ணிக்கொண்டோம்.

அடுத்த வாரம் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் அவனுடைய தாயார், மாமியாரையும் அழைத்துக்கொண்டு மதரஸா வாசலுக்கு வந்து நின்றார். அவருடைய கணவர் ஒன்பது ஆண்டுகளாக வளைகுடா நகரம் ஒன்றில், பர்கர் உணவகத்தின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறார். நமக்கு அது தெரியாது. உடன் ஓதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பயான் முடிந்த அன்று இரவே அவனைச் சூழ்ந்துகொண்டு, "உங்க வீட்டுச் சோறு பன்னிக்கறிக் காசு" என்று கேலி செய்திருக்கிறார்கள்.

அந்தத் தாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். "ஹஜ்ரத், அவுஹ அனுப்புற காசு ஹராமா? நீங்களே சொல்லிருங்க. பிள்ளை ரெண்டு நாளாச் சோத்துல கை வைக்க மாட்டேங்குறான்" என்றார்.

செய்தி ஒன்று வந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதிருக்க அதை நன்கு விசாரித்துத் தெளிவு பெறுமாறு சூரா அல்ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. அந்த வசனத்தைப் பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்தி வருகிறோம். நம் வாசலில் நின்ற அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபோதுதான், 'தீங்கு' என்ற சொல்லுக்கு நாம் ஒருபோதும் பொருள் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது புரிந்தது. "இரண்டு நாள் தாருங்கள் தாயே, தீர விசாரித்துச் சொல்கிறோம்" என்று அவர்களை அனுப்பிவைத்தோம்.

ஹாம்பர்க் என்னும் கோட்டை ஊர்

விசாரிக்கத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே உண்மை வெளிப்பட்டுவிட்டது. ஹாம்பர்கர் என்ற பெயருக்கும் பன்றிக்கும் தொடர்பே இல்லை. வட ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'பர்க்' என்றால் கோட்டை. நம் பக்கத்து ஊரான செங்கோட்டையைப் போல அதுவும் கோட்டையால் பெயர் பெற்ற ஊர். மதுரையைச் சேர்ந்தவரை மதுரைக்காரர் என்பது போல, ஹாம்பர்க்கைச் சேர்ந்தது ஹாம்பர்கர். அவ்வளவுதான்.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஏழைகள் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, பலர் கப்பலேறிய துறைமுகம் ஹாம்பர்க். மாட்டிறைச்சியைக் கொத்தித் தட்டிச் செய்யும் 'ஹாம்பர்க் ஸ்டேக்' என்ற உணவு அந்நூற்றாண்டிலேயே நியூயார்க் உணவகங்களில் பரிமாறப்பட்டது. பிறகு யாரோ ஒருவர் அதை இரு ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைத்துக் கையில் கொடுத்தார். அந்த ஒருவர் யார் என்பதில் வழக்கு இன்றும் தீரவில்லை. 1885-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் செய்மோர் ஊர்ச் சந்தையில் சார்லி நாக்ரீன் என்பவர் விற்றதே முதலாவது என்பர் சிலர். அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் மென்ச்சஸ் சகோதரர்கள் செய்ததே முதலாவது என்பர் வேறு சிலர். 1900-இல் நியூ ஹேவன் நகரில் லூயிஸ் லாசன் செய்தது என்போரும் உளர்.

கொத்திய இறைச்சியை உருட்டித் தட்டுவது நமக்கொன்றும் புதிதன்று. கோஃப்தாவும் கபாபும் நம் விருந்துகளில் உள்ளவைதாமே. 10-ஆம் நூற்றாண்டு பக்தாதில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீக்' என்ற சமையல் நூலில், இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து உண்ணும் முறைகளும் சொல்லப்பட்டுள்ளன.

ஹாம்பர்கர் என்ற சொல்லை 'ஹாம்' என்றும் 'பர்கர்' என்றும் தவறாகப் பிரித்தவர்கள் அமெரிக்கர்களே. அந்தத் தவறான பிரிப்பிலிருந்தே சீஸ் பர்கர், சிக்கன் பர்கர் என்ற பெயர்கள் பிறந்தன. அவர்கள் சொல்லைப் பிழையாகப் பிரித்துப் புதிய உணவுகளுக்குப் பெயர் வைத்தார்கள். நாமோ அதே பிழையால் ஒரு பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தினோம்.

விரைவும் விளம்பரமும்

தொடங்கிய விசாரணையைப் பாதியில் விட மனம் வரவில்லை. சாலையோர உணவு ஒன்று உலகெங்கும் பரவியது எவ்வாறு என்று மேலும் படித்தோம்.

1906-இல் அப்டன் சிங்க்ளேர் என்ற எழுத்தாளர் 'தி ஜங்கிள்' என்ற நாவலை வெளியிட்டார். சிகாகோ இறைச்சித் தொழிற்கூடங்களின் அசுத்தத்தை அது வெளிச்சமிட்டது. அமெரிக்க மக்கள் அருவருத்துப் போனார்கள். அதே ஆண்டில் இறைச்சிச் சோதனைச் சட்டம் இயற்றப்பட்டது. கொத்திய இறைச்சி என்றாலே மக்கள் அஞ்சிய அக்காலத்தில், 1921-இல் கன்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் 'ஒயிட் காசில்' என்ற உணவகம் தொடங்கப்பட்டது. கட்டடம் வெண்மை, பணியாளர் உடையும் வெண்மை. 'எங்கள் இறைச்சி தூய்மையானது' என்று சொல்லாமல் சொல்வதே அதன் நோக்கம். ஒரு பர்கரின் விலை 5 சென்ட்.

1930-இல் அந்நிறுவனம் ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. மருத்துவ மாணவர் ஒருவர் 13 வாரங்கள் பர்கரும் தண்ணீரும் மட்டுமே உட்கொண்டார். அவர் நலமாகவே இருந்தார் என்று நிறுவனம் விளம்பரப்படுத்திக்கொண்டது. ஆய்வுக்குக் கூலி கொடுத்தவரே பர்கர் விற்பவர் என்பதை வாங்கி உண்டோரில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? விசாரிக்காமல் நம்புவது நம் வாட்ஸ்அப் காலத்து நோய் மட்டுமன்று.

1948-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் உணவகத்தைச் சில மாதங்கள் மூடி, முற்றிலும் மாற்றியமைத்தார்கள். தட்டு, கத்தி, முள்கரண்டி யாவற்றையும் அகற்றினார்கள். உணவு வகைகளை 25-இலிருந்து 9-ஆகக் குறைத்தார்கள். ஒருவர் இறைச்சியைச் சுடுவார், ஒருவர் ரொட்டியில் வைப்பார், மற்றொருவர் பொதிவார். தொழிற்சாலையில் மோட்டார் கார் உருவாவது போலப் பர்கர் உருவானது. விலை 15 சென்ட். 1955-இல் ரே கிராக் என்ற வணிகர் அவர்களுடைய பெயரில் இல்லினாய்ஸில் ஒரு கடை திறந்தார். 1961-இல் சகோதரர்களிடமிருந்து முழு உரிமையையும் 27 இலட்சம் டாலருக்கு வாங்கி, உலகெங்கும் கொண்டுசென்றார்.

நம் நாட்டில் மெக்டொனால்ட்ஸின் முதல் கடை 1996 அக்டோபரில் புதுடெல்லியின் வசந்த் விஹாரில் திறக்கப்பட்டது. உலகிலேயே மாட்டிறைச்சி விற்காத முதல் மெக்டொனால்ட்ஸ் அதுதான். பன்றி இறைச்சியும் அங்கே இல்லை. ஆட்டிறைச்சியில் தொடங்கிப் பின்னர் கோழிக்கு மாறிய மகாராஜா மேக், உருளைக்கிழங்கு டிக்கி பர்கர் என்று, இந்நாட்டு மக்களின் நாவுக்கும் நம்பிக்கைக்கும் ஏற்ப அந்த உணவு உருமாறியது. இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதும் பெரும்பாலும் மாவில் தோய்த்துப் பொரித்த கோழித் துண்டும் மயோனைசும் வைத்த பன் ரொட்டியே.

கடல் கடந்து வந்த கோரிக்கை

அந்த வெள்ளிக்கிழமை மாணவனின் தந்தையோடு தொலைபேசியில் பேசினோம். ஸலாம் சொன்ன கையோடு மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க தெரியாமச் சொன்னது ஹஜ்ரத், விடுங்க" என்றார். அவருடைய சமையற்கூடத்துக்குப் பன்றி இறைச்சி வந்ததே இல்லை என்றும், மாட்டிறைச்சியும் கோழியும் ஹலால் சான்றோடுதான் வரும் என்றும் விளக்கினார். உறைந்த வட்டுகளாக இறைச்சி வருமாம். சூடேறிய இரும்புத் தட்டில் வைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குமாம். மணி அடிக்கும் முன் எடுத்தாலும் குற்றம், அடித்த பின் விட்டாலும் குற்றமாம்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும், சூடு பட்டதும் மடிந்துவிடும். கொத்திய இறைச்சியிலோ மேற்பரப்பில் இருந்தவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், சரியாக வேகாத ஹாம்பர்கரில் இருந்த ஈ.கோலை கிருமியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். கொத்திய இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டவேண்டும் என்று அந்நாட்டு அரசு இல்லங்களுக்கு அறிவுறுத்துகிறது. வீட்டில் கைமா சமைக்கும் நம் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் இறக்கக் கூடாது, நிறம் மாறிய பின்னும் நடுப்பகுதி நன்றாகக் கொதிக்கும் அளவுக்கு வேகவிடவேண்டும்.

பேச்சு முடியும் தறுவாயில் அந்தச் சகோதரர் சொன்ன சொற்கள் இன்றும் நம் காதில் ஒலிக்கின்றன. "ஹஜ்ரத், தினமும் பத்து மணி நேரம் நின்னு பர்கர் சுடுறேன். ஆனா ரூமுக்கு வந்து சோறும் பருப்பும்தான். எங்க தகப்பனார் சர்க்கரை முத்தி, காலை எடுத்து, அதுக்குப் பின்னாடி மவுத்தானாங்க. அவுஹ பர்கரைக் கண்ணாலயும் பார்த்ததில்ல. ராத்திரி ஆனா பரோட்டா. அதைப் பத்தியும் ஒரு நாள் பயான் பண்ணுங்க."

நம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. பர்கரைக் கடிந்து பயான் செய்த அதே வியாழன் இரவு, வீடு திரும்பும் வழியில் நான்கு பரோட்டாவும் சால்னாவும் பொட்டலம் கட்டி வாங்கிச் சென்றவர்கள் நாம். இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர்களும் நாமே. மாணவர்கள் எவரும் இதை அறியமாட்டார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

நம் பகுதிக்கும் பரோட்டாவுக்கும் உள்ள உறவைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அன்றைய எல்லையின் நினைவாகவே பிரானூருக்குப் 'பார்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருவோர் பார்டர் ரஹ்மத் கடையைத் தேடிச் செல்வதும், நாட்டுக்கோழியோடு பரோட்டா உண்பதும் ஊரறிந்த செய்தி. விருந்தினர் வந்தால் நாமும் அழைத்துச் செல்வோம். எப்போதாவது உண்ணும் அந்த விருந்தைப் பற்றி நாம் குறை சொல்லவில்லை. இரவுதோறும் வீடு தேடி வரும் பொட்டலத்தைப் பற்றியே பேசுகிறோம்.

சகோதரரின் கோரிக்கைப்படி பரோட்டா பற்றிப் பேசக் குறிப்பெடுத்தபோது, மீண்டும் அதே வலையில் விழ இருந்தோம். மைதாவில் 'அலாக்ஸான்' என்ற நஞ்சு கலக்கப்படுகிறது, அதனால்தான் சர்க்கரை நோய் வருகிறது என்ற செய்தி நம் கைபேசியிலேயே இருந்தது. இம்முறை விசாரித்தோம். ஆய்வகங்களில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்க அலாக்ஸான் பயன்படுவது உண்மை. ஆனால் நாம் உண்ணும் மைதாவிலிருந்து அது மனிதருக்கு அந்நோயைத் தருகிறது என்பது நிறுவப்படவில்லை. மைதாவின் உண்மையான குறை எளிமையானது. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி அரைத்த மாவு அது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் முழுக் கோதுமை மாவில் நார்ச்சத்து 11 கிராமுக்கும் மேல் இருக்கிறது. மைதாவில் 3 கிராம்கூட இல்லை. நார்ச்சத்து குறைந்த மாவு விரைவில் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் சேர்கிறது. பசியும் விரைவில் திரும்புகிறது.

இனி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். அமெரிக்க மெக்டொனால்ட்ஸின் ஊட்டச்சத்துப் பட்டியலில், ஒரே ஒரு இறைச்சி வட்டு கொண்ட சாதாரண ஹாம்பர்கரில் சுமார் 250 கலோரி, 12 கிராம் புரதம், 9 கிராம் கொழுப்பு உள்ளன. மாட்டிறைச்சியாதலால் இரும்புச் சத்தும் பி12 வைட்டமினும் உண்டு. அதில் உள்ள சோடியம் சுமார் 500 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் உச்ச வரம்பு 2000 மில்லிகிராம், அதாவது சுமார் 5 கிராம் உப்பு. ஆக, கையளவு பர்கர் ஒன்றிலேயே நாளின் கால் பங்கு உப்பு தீர்ந்துவிடுகிறது.

ஆயினும் பர்கர் தனியே வருவதில்லை. இரட்டை அடுக்குப் பர்கர், பொரித்த உருளைக்கிழங்கு, குளிர்பானம் என்று மூன்றும் சேர்ந்த தட்டில் 1000 கலோரிக்கு மேல் போய்விடும். 300 மில்லி கோலா பானத்தில் மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டிக்கும் மேல் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்துவது நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பரோட்டாவுக்கு வருவோம். ஒரு பரோட்டாவுக்கு 60 கிராம் மைதா, 10 கிராம் எண்ணெய் என்று கொண்டால், மாவில் 210 கலோரி, எண்ணெயில் 90 கலோரி. ஆக ஒரு பரோட்டா 300 கலோரி. புரதமோ சுமார் 6 கிராம்தான். நாம் வாங்கிச் சென்ற நான்கு பரோட்டாக்கள் 1200 கலோரி, ஏறத்தாழ ஐந்து சாதாரண ஹாம்பர்கருக்குச் சமம். சால்னாவின் எண்ணெய் இதில் சேரவில்லை. உட்கார்ந்தே வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2110 கலோரி போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வகுத்துள்ளது. பாய் விரித்து அமர்ந்து பாடம் சொல்லும் நாம், அதில் பாதிக்கு மேற்பட்டதை இஷாவுக்குப் பின் ஒரே வேளையில் உண்டு, உடனே உறங்கப் போனோம்.

நம் பாட்டனார் நெசவாளர். சுப்ஹு தொழுதுவிட்டுத் தறிக்குழியில் இறங்கினால், பொழுது சாயும்வரை காலும் கையும் ஓயாது. அவர் உண்டது உடலில் தங்கவில்லை. தறிகள் நின்றுபோய், வளைகுடா வருமானம் வந்து, வண்டியின்றித் தெருமுனைக்கும் போகாத தலைமுறை நம்முடையது. உழைப்பு குறைந்த அதே காலத்தில் உணவு பெருகிவிட்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளதென மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு அந்நோய் இருக்கிறது. நம் தெருவில் வீட்டுக்கொருவர் என்று எண்ணினாலும் கணக்கு பொய்க்காது போலிருக்கிறது.

மறுபாதிக் கேள்வி

உணவைப் பற்றி நம் சமுதாயம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இது ஹலாலா? கேட்டே ஆகவேண்டிய கேள்விதான். ஆனால் சூரா அல்பகராவின் 168-ஆம் வசனத்தில் 'ஹலால்' என்ற சொல் தனியே வரவில்லை, 'தய்யிப்' என்ற சொல்லோடு இணைந்தே வருகிறது. தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது, உடலுக்கும் உள்ளத்துக்கும் உகந்தது. அறுத்த முறை சரியா என்று விசாரிக்கும் நாம், பொரித்த எண்ணெய் எத்தனையாவது முறை கொதிக்கிறது என்று விசாரிப்பதில்லை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசை, கிருமி அபாயம் கருதி, 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. ஹலால் பலகை தொங்கும் கடைகளில் நம் பிள்ளைகள் அதுவரை ரொட்டியில் தடவி உண்டது அதைத்தான். பலகை கேள்வியின் ஒரு பாதிக்கு மட்டுமே விடை சொன்னது.

அளவும் அவ்வாறே. ஆதமின் மகன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடத் தீயது இல்லை என்றும், முதுகு நிமிரச் சில கவளங்களே போதும் என்றும், மிகுதி வேண்டுமாயின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் இருக்கட்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த கருத்து திர்மிதீ உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ளது. அந்த ஹதீஸை மனனம் செய்வித்தவர்கள் நாம். நான்காவது பரோட்டாவில் மூச்சுக்கு இடமில்லாமற்போனதை மட்டும் கவனிக்கவில்லை.

நம் விருந்துகளில் சஹன் வைத்து ஒரே தட்டில் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தன் முன்னால் உள்ளதை உண்ணுமாறு சிறுவரான உமர் இப்னு அபீஸலமாவுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தது இத்தகைய பொதுத் தட்டில்தான். சஹனில் அமர்ந்தவர் அருகிலிருப்பவரின் பங்கை நினைத்துக் கையை நிறுத்துவார். பர்கரோ தனி ஒருவருக்காகப் பொதிந்து, நின்றுகொண்டும் நடந்துகொண்டும் தின்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. இரவில் தனியே அமர்ந்து, கைபேசியைப் பார்த்தபடி நாம் பிரித்த பரோட்டாப் பொட்டலமும் அதனினும் மேலானதன்று.

வியாழன் மீண்டும் வந்தது

அடுத்த வியாழன், அதே பிள்ளைகள் முன் நின்றோம். "சென்ற வாரம் நாம் சொன்னது தவறு. விசாரிக்காமல் சொன்னோம். ஹாம்பர்க் என்பது ஓர் ஊரின் பெயர். உங்கள் நண்பனின் தந்தை வியர்வை சிந்திச் சம்பாதிப்பது ஹலாலான பணம். அவனைக் கேலி செய்தவர்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். முதலில் நாம் கேட்கிறோம்" என்றோம். அவன் முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருந்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து அவனிடம் ஸலாம் சொல்லிக் கை கொடுத்தபோது, அவன் முகத்தை நேரே பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை.

சற்று நேரம் கழித்துக் கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "அப்போ பர்கர் சாப்பிடலாமா ஹஜ்ரத்?"

"இரண்டு கேள்வி கேள். ஹலாலா? தய்யிபா? இரண்டுக்கும் விடை கிடைத்தால், எப்போதாவது, பசி தீரும் அளவுக்குச் சாப்பிடு. குளிர்பானத்தை விட்டுவிடு."

"பரோட்டா?" என்றான் அதே சிறுவன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நாமும் சிரித்தோம். பிறகு நமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அவர்களிடம் முதன்முறையாகச் சொன்னோம். சிரிப்பு அடங்கிவிட்டது. "பரோட்டாவுக்கும் அதே இரண்டு கேள்விகள்தான். கேட்காமல் இருந்தது நம் தவறு" என்று முடித்தோம்.

அன்று முதல் சில மாற்றங்கள். வியாழனன்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த சமோசாவுக்குப் பதிலாகச் சுண்டலோ அவித்த நிலக்கடலையோ கொடுக்கிறோம். முதல் வாரம் முகம் சுளித்தார்கள், இப்போது மறுமுறை கேட்டு வாங்குகிறார்கள். நம் வீட்டில் பரோட்டா மாதம் ஒரு முறை, ஆளுக்கு இரண்டு. மற்ற இரவுகளில் துணைவியார் கோதுமைச் சப்பாத்தியும் பருப்பும் காய்கறியும் செய்கிறார். மக்கள் ஆசைப்பட்டால் கைமாவை வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்துத் தட்டி, நன்கு வேகவைத்து, வெள்ளரியும் தக்காளியும் நிறைய வைத்து வீட்டிலேயே பர்கர் செய்து தருகிறார். இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் நடக்கிறோம். மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில் 7.9 என்றிருந்த அளவு 7.1-ஆக இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ். மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, நாமும் நிறுத்தவில்லை.

அந்த மாணவன் இப்போது நாள் தவறாமல் வருகிறான். விடுப்பில் ஊர் வந்த அவனுடைய தந்தை, ஒரு மாலை மதரஸாவுக்கு வந்து நம்மைக் கட்டித் தழுவினார். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. நாம் பார்ப்பதைக் கண்டு, "பயப்படாதீங்க ஹஜ்ரத், பேரீச்சம்பழம்தான்" என்றார். மருத்துவர் அனுமதித்த அளவில், அதிலும் இரண்டை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

நம் நாவிலிருந்து வெளியேறும் சொல்லையும், நம் வயிற்றுக்குள் செல்லும் உணவையும் விசாரித்து அறியும் நற்குணத்தை வல்ல ரஹ்மான் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்களின் உடல்நலத்திலும் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.